தங்கச்சி ஜெர்மனிக்குப் படிக்கப் போறா: நம்மூர் நம்பரை என்ன செய்யணும்?

கல்லிடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி மாஸ்டர்ஸ் படிக்க செப்டம்பர் கடைசியில ஜெர்மனி போறா. வீடு கல்லிடைக்குறிச்சி. அப்பா, அம்மா, ஆச்சி மூணு பேரும் இங்கேதான். புறப்பட இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. போன் விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க, அதான் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்குதேன்.

அவகிட்ட இருக்கது ஒரே நம்பர். போஸ்ட்பெய்டு, அப்பா பேர்ல எடுத்தது. பேங்க், ஆதார், பான், கல்விக் கடன் எல்லாம் அதுலதான். சிம்மை வீட்ல வச்சுட்டுப் போ, ஓடிபி வந்தா அப்பா வாசிச்சுச் சொல்லுவாருன்னு சிலர் சொல்லுதாங்க. கையோட கொண்டு போன்னு சிலர். எது சரி? போன் போன வருஷம் நெல்லை ஜங்ஷன்ல வாங்கினது, அது அங்கே சரியா வேலை செய்யுமா?

ஆச்சிகிட்ட பட்டன் போன்தான். தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டா. வீட்ல ஃபைபர் நெட் இருக்கு, ஆனா கரண்டு போனா அதுவும் போயிரும். தார்சாவுல, அதாவது வீட்டு முன்பக்கத்துல, உக்காந்து பேசினா வீடியோ நல்லா இருக்கு, அடுக்களைக்குப் போனா நின்னுபோகுது. இதுக்கெல்லாம் வழி சொல்லுங்க.

பொதிகைச்சாரல்:

சிம்மைக் கையோட கொண்டுபோகச் சொல்லுங்க. வீட்ல வச்சுட்டுப் போனா முதல் மாசம் ஓடும், அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டும். அவ ராத்திரி 9 மணிக்குப் பணம் அனுப்ப உக்காந்தா, குளிர்காலத்துல இங்கே 1:30. ஓடிபி ஆயுசோ சில நிமிஷம்தான். அதைவிடப் பெரிய சிக்கல் பேங்க் ஆப், யுபிஐ ஆப் ரெண்டும் நம்பரைச் சரிபார்க்கிற விதத்துல இருக்கு. நாம நம்பரைத் தட்டிக் கொடுத்தா அதுக்குப் போதாது. போன்ல கிடக்கிற சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸை ஆப்பே பேங்குக்கு அனுப்பி, அது வந்து சேர்ந்தாத்தான் ஒத்துக்கிடும். சிம் கல்லிடையில இருந்தா ஜெர்மனியில இருக்கிற போன்ல அந்த ஆப் திறக்காது. எஸ்எம்எஸ்ஸை ஃபார்வர்டு பண்ணுத ஆப் ஒண்ணை அப்பா போன்ல போட்டுவிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பேங்குல இருந்து வர்ற ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்க மூணாவது ஆளுக்கு அனுமதி கொடுக்கிற வேலை அது. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப் மாதிரி ஆப்கள் பதிவு பண்ணின சிம் போன்ல இருந்தாத்தான் ஓடணும்னு தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. அதுக்கும் சிம் அவகிட்ட இருக்கிறதுதான் பாதுகாப்பு.

வெளிநாட்டு நம்பர்லயே யுபிஐ ஓடுமேன்னு சொல்லுவாங்க. 2023 ஜனவரியில அதுக்கு அனுமதி கிடைச்ச பத்து நாட்டுப் பட்டியல்ல ஜெர்மனி இல்லை.

இந்த அஞ்சு வாரத்துல செய்ய வேண்டியதுல முதல் வேலை, போஸ்ட்பெய்டை ப்ரீபெய்டா மாத்துறது. ப்ரீபெய்டுல இருக்கிற காசு தீர்ந்தா அதோட நின்னுரும். போஸ்ட்பெய்டுல கவனக்குறைவா ஒரு மணி நேரம் ரோமிங் டேட்டா ஓடினாலும் பில்லு வீட்டுக்கு வந்து நிக்கும்.

அடுத்தது இன்டர்நேஷனல் ரோமிங். இதை இங்கே இருக்கும்போதே ஆப்ல ஆன் பண்ணி, ஆன் ஆயிட்டுன்னு மெசேஜ் வந்ததைப் பார்த்துக்கிடணும். அங்கே இறங்கின பிறகு ஆன் பண்ணலாம்னு விட்டா, அதுக்கு ஓடிபி அதே நம்பருக்குத்தான் வரும், நம்பரோ நெட்வொர்க் பிடிக்காம கிடக்கும். ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவா காசு இல்லை. வர்ற அழைப்பு சும்மா அடிச்சா காசு இல்லை, எடுத்தா உண்டு. பிஎஸ்என்எல் நம்பர்னா அந்த நாட்டுல ப்ரீபெய்டுக்கு ரோமிங் இருக்கான்னு முதல்ல விசாரிச்சுக்கிடுங்க.

மூணாவது ரீசார்ஜ். டேட்டா இல்லாம பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ப்ளான் கொடுக்கணும்னு 2024 டிசம்பர்ல டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) சொன்ன பிறகு, வருஷக்கணக்கு ப்ளான் கிடைக்குது. அவளுக்கு நம்மூர் டேட்டா எதுக்கு? அந்த மாதிரி ப்ளானைப் போட்டு, முடியிற தேதியை அப்பா காலண்டர்ல குறிச்சுவைக்கச் சொல்லுங்க. இங்கிருந்தே அப்பா ரீசார்ஜ் பண்ணலாம். 90 நாள் வரை நம்பரை எடுக்க மாட்டாங்கன்னு ஒரு விதி இருக்கிறது உண்மைதான், ஆனா அது நம்பர் கைவிட்டுப் போகாம இருக்கிறதுக்கு. ப்ளான் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே உள்ளே வர்ற எஸ்எம்எஸ் நின்னுரும், அந்த 90 நாளை நம்பி இருக்கிறவங்களுக்கு ஓடிபி வராது.

அப்புறம் போன் செட்டிங். காசு போறது பெரும்பாலும் இங்கேதான். டேட்டா ரோமிங் ஆஃப், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா ரெண்டு சிம் போன்ல 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்'னு ஒண்ணு இருக்கு. ஜெர்மன் சிம்முக்கு சிக்னல் குறைஞ்சா தானாவே மற்ற சிம் டேட்டாவுக்குத் தாவுறதுக்காக வச்சது. அதையும் ஆஃப் பண்ணணும். பேச, டேட்டாவுக்கு ரெண்டுக்கும் ஜெர்மன் சிம்மை முதன்மையா வைக்கணும். இல்லைன்னா அம்மாவோட மிஸ்டு காலைத் தொட்டுத் திருப்பிக் கூப்பிடும்போது நம்மூர் சிம்ல போயிரும். கால் ஃபார்வர்டிங் எல்லாத்தையும் செட்டிங்ல போய் எடுத்துருங்க. எடுக்காத அழைப்பு வேற நம்பருக்குத் திரும்பினாலும் ரோமிங்ல காசு பிடிப்பாங்க. ஐபோன்னா ஐமெசேஜ், ஃபேஸ்டைம் ரெண்டும் நம்பரைச் சரிபார்க்க நமக்குத் தெரியாமலே ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். இங்கே இருக்கும்போதே அதை முடிச்சுடுங்க.

அங்கே இறங்கின உடனே 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி'ன்னு காட்டினா பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் இல்லாத நெட்வொர்க்குல ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். செட்டிங்ல நம்மூர் சிம்மைத் தொட்டு, நெட்வொர்க் தேர்வை ஆட்டோவிலிருந்து எடுத்து, ரெண்டு மூணு நிமிஷம் காத்திருந்தா டெலிகாம், வோடஃபோன், ஓ2 எல்லாம் வரிசையா வரும். ஒண்ணு ஒண்ணா முயற்சி பண்ணட்டும். ஒண்ணு நிச்சயம் ஏத்துக்கிடும். நெட்வொர்க் காட்டியும் எஸ்எம்எஸ் வரலைன்னா ஃப்ளைட் மோடுல அரை நிமிஷம் போட்டு எடுத்தா பெரும்பாலும் குவிஞ்சு வந்து விழும்.

போன் மாத்துறதா இருந்தா இங்கேயே மாத்திருங்க. அங்கே போய் மாத்தினா யுபிஐ மறுபடியும் அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பப் பார்க்கும். ரோமிங்ல வெளியே போற எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டு, பல தடவை போய்ச் சேர்றதும் இல்லை. தவிர்க்க முடியாம மாத்தினா ஒரு நாள் ரோமிங் பேக் போட்டு அன்னைக்கே எல்லா ஆப்பையும் பதிவு பண்ணிக்கிடணும்.

தாமிரபரணித் தண்ணி:

ஜெர்மனி பக்கத்தை நான் சொல்கிறேன்.

போனின் மாடல் நம்பரைப் பெட்டியில் பார்த்து, கம்பெனியின் இணையதளத்தில் எல்டிஇ பேண்ட், அதாவது 4ஜி அலைவரிசைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பேண்ட் 20 இருக்கிறதா என்பதுதான் முக்கியம். 800 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது அது. தூரம் போகும், சுவர் தாண்டும். ஐரோப்பாவில் கிராமத்துக்கும் ரயில் பாதைக்கும் பெரும்பாலும் அதுதான். இந்தியாவில் அந்த பேண்ட் புழக்கத்தில் இல்லாததால் இங்கே விற்கிற பல மாடல்களில் அதை வைப்பதில்லை. இல்லையென்றால் போன் வீண் என்று அர்த்தமில்லை. ஊருக்குள் பேண்ட் 3, பேண்ட் 7 போதும், ரயிலில் போகும்போதுதான் விட்டு விட்டு வரும். 5ஜியில் என்78 பேண்ட் ரெண்டு நாட்டுக்கும் பொது. இன்னொன்று, ஜெர்மனியில் 3ஜி 2021-லேயே முடிந்துவிட்டது. இந்திய மாடலில் அந்த நெட்வொர்க்கின் வோல்ட்டி (4ஜியிலேயே பேசுகிற வசதி) வேலை செய்யவில்லை என்றால் அழைப்பு நேரே 2ஜிக்கு இறங்கும், பேசும்போது நெட் நிற்கும். போன் பழுது என்று கடைக்குத் தூக்க வேண்டாம். வேறு பிள்ளைகள் ஆஸ்திரேலியா போவதாக இருந்தால் இதையே இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே 2024 அக்டோபரோடு 3ஜி முடிந்தது, வோல்ட்டியில் அவசர எண்ணுக்குப் பேச முடியாத போனை நெட்வொர்க்கே தடுத்துவிடும்.

சார்ஜரில் ரெண்டு உருண்டைக் கம்பி இருந்தால் அங்கே அப்படியே செருகலாம். லேப்டாப்பின் மூணு பின் பிளக் செருகாது. அதற்குப் பெரிய அடாப்டர் தேவையில்லை. சார்ஜர் கட்டியில் மாட்டுகிற முனை மூணு இலை மாதிரி இருக்கும், அதே முனையுள்ள ஜெர்மன் வயரை மட்டும் அங்கே போய் வாங்கினால் முடிந்தது.

முதல் வாரத்துக்கு ஒரு டிராவல் இ-சிம் (பிளாஸ்டிக் இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்குகிற சிம்), டேட்டா மட்டும், இங்கிருந்தே போட்டுக்கொண்டு போகலாம். உள்ளூர் சிம்முக்கு அங்கே 2017 ஜூலை முதல் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். சிம் வாங்குவது ஆல்டி மாதிரி மளிகைக் கடையிலேயே நடக்கும், ஆனால் அது உயிர் பெற வீடியோவில் ஒருவர் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டை இப்படி அப்படிச் சாய்த்துக் காட்டச் சொல்வார்கள், வெளிச்சம் குறைந்தால் பாதியில் வெட்டுவார்கள். பகலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து நல்ல வைஃபையில் செய்ய வேண்டும். வீடியோவில் ஒத்துவராவிட்டால் போஸ்ட் ஐடென்ட் என்று ஒன்று உண்டு, தாளை அச்சடித்து பாஸ்போர்ட்டோடு தபால் நிலையத்துக்குப் போனால் அங்கேயே முடித்துத் தருவார்கள். முகவரி கேட்பார்கள், விடுதி முகவரி போதும்.

ப்ரீபெய்டு ப்ளான் அங்கே மாதக் கணக்கில் இல்லை, நாலு வாரக் கணக்கு. வருஷத்துக்கு 13 தடவை காசு போகும், பட்ஜெட்டை அப்படிப் போடுங்கள். கடையில் 24 மாத ஒப்பந்தத்தை நீட்டினால் முதல் ஆறு மாதம் கையெழுத்துப் போடவே கூடாது. ஊர் மாறினாலும் காசு கட்டிக்கொண்டே இருக்க வேண்டியது வரும். அந்த சிம் எப்போதும் போனில் இருக்கட்டும். ஜெர்மனியில் சிம் இல்லாத போனிலிருந்து 112-க்குக்கூட அழைப்பு போகாது.

பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே செலவுப் பணம் போட்டு வைக்கிற கணக்கு) போட்ட பணம், 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ கணக்கு, அதைத் திறந்துவிடுகிற ஓடிபி இங்கே பதிவு செய்த இந்திய நம்பருக்குத்தான் போகும். பொதிகைச்சாரல் சொன்ன ரோமிங் வேலை முதல் வாரத்திலேயே கை கொடுக்கிற இடம் இது. ஜெர்மன் நம்பர் வந்ததும் அதில் மாற்றிக்கொள்ளட்டும்.

விடுதி அறையில் வைஃபை இருக்கும் என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் சுவரில் நெட் வயர் செருகுகிற ஒரு லேன் (LAN) ஓட்டை மட்டும் இருக்கும். ஒரு சின்ன ரூட்டர் வாங்கி அதில் போடலாம், அந்த விடுதி அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. சுவரிலிருந்து வருகிற வயரை ரூட்டரின் வான் (WAN) ஓட்டையில்தான் செருக வேண்டும், அது பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும். லேன் ஓட்டையில் செருகினால் இவளுடைய ரூட்டர் கட்டடம் முழுவதற்கும் ஐபி முகவரி கொடுக்க ஆரம்பிக்கும், பக்கத்து அறைகளில் நெட் போகும், நிர்வாகம் இவள் அறை லைனைத் துண்டிக்கும். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு இது.

கல்லூரிக்குள் எட்யூரோம் என்கிற பல்கலைக்கழகங்களின் பொது வைஃபை. பல்கலைக்கழகக் கணக்கு வந்ததும் கெட்-எட்யூரோம் ஆப்பைப் போட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழோடு தானே அமைத்துவிடும். கையால் அமைத்தால் யூசர் பெயருக்குப் பின்னால் அட் குறியும் பல்கலைக்கழகத்தின் டொமைனும் சேர்த்துப் போட வேண்டும், வெறும் பெயர் போட்டால் வேறு ஊர்க் கல்லூரியில் இணையாது. பாஸ்வேர்டு மாற்றினால் போனிலும் லேப்டாப்பிலும் உடனே மாற்ற வேண்டும். பழைய பாஸ்வேர்டோடு போன் திரும்பத் திரும்ப முட்டினால் சில இடங்களில் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

டோரன்டில் தமிழ்ப் படம் இறக்கவே கூடாது என்று உட்காரவைத்துச் சொல்லி அனுப்புங்கள். இறக்கும்போதே அது மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும். உரிமையாளரின் வக்கீல் ஐபியைப் பிடித்து நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு நோட்டீஸ் அனுப்புவார். அங்கே அது சாதாரணமாக நடக்கிறது.

ஜெர்மன் சிம் பிரான்ஸ், இத்தாலி என்று ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதே விலையில் ஓடும், 2017 ஜூன் முதல் அப்படித்தான். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. எல்லையோர ஊர்களில் போன் தானே சுவிஸ் டவரைப் பிடிக்கும். அங்கே போகும்போது ஜெர்மன் சிம்மிலும் டேட்டா ரோமிங்கை அணைக்க வேண்டும்.

கல்லிடைக்காரன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ப்ரீபெய்டா மாத்துறதுக்கு நாளைக்கே அம்பை (அம்பாசமுத்திரம்) போறோம். ஒரு சந்தேகம். நம்மூர் நம்பரை இ-சிம்மா மாத்திக் கொடுத்துட்டா தொலையாதுன்னு கடையில சொல்லுதாங்க. செய்யலாமா? சிம் அப்பா பேர்ல இருக்கதை தங்கச்சி பேருக்கு மாத்தணுமா?

நெல்லை டவுண்:

இ-சிம்மா மாத்தாதீங்க. கடைக்காரர் சொல்லுறதுலயும் நியாயம் இருக்கு, திருடன் சிம்மை உருவ முடியாதுங்கிறது சரிதான். ஆனா படிக்கப் போற பிள்ளைக்கு போன் திருட்டுப் போறதைவிட, கீழே விழுந்து டிஸ்ப்ளே போறது, சார்ஜ் ஏறாம போறதுதான் அதிகம். பிளாஸ்டிக் சிம்னா அடுத்த நிமிஷம் கூட்டுக்காரி போன்ல போட்டு ஓடிபி வாங்கிக்கிடலாம். இ-சிம்னா புது போன்ல மறுபடி இறக்கணும், அதுக்கு அந்த நம்பருக்கே மெசேஜ் வரும், போனோ செத்துக் கிடக்கும். அதனால நம்மூர் நம்பர் பிளாஸ்டிக்ல, ஜெர்மன் நம்பர் இ-சிம்ல. ஜெர்மன்காரங்ககிட்ட நேர்ல போய் நின்னு மாத்திக்கிடலாம், நம்மூர்க்காரங்ககிட்ட அங்கிருந்து நிக்க முடியாது. போன்ல ரெண்டு பிளாஸ்டிக் சிம் இடம் மட்டும்தான் இருக்குன்னா ரெண்டையும் பிளாஸ்டிக்லயே வச்சுக்கிடட்டும். சிம் எடுக்கிற ஊசியை மறக்காம பர்ஸ்ல போட்டுவிடுங்க. சிம் பூட்டு பின் ஒண்ணு போட்டுட்டா திருட்டுப் பயமும் பாதி போயிரும்.

பேரை மாத்தாம அப்பா பேர்லயே விடுங்க. சிம் தொலைஞ்சா யார் பேர்ல இருக்கோ அவங்கதான் நேர்ல வந்து விரல் வைக்கணும். அப்பா பேர்ல இருந்தா அம்பையிலயே டூப்ளிகேட் வாங்கி அவர் போன்ல போட்டுக்கிடலாம், யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடலாம். புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடி தடுக்க வச்ச விதி. ஃபீஸ் கட்ட கடைசி நாள் பார்த்து இந்த வேலையை வச்சுக்கிடாதீங்க.

பேங்க் கிளைக்கு ஒரு தடவை நேர்ல போய் ஈமெயிலைப் பதிவு பண்ணி, ஓடிபி ஈமெயிலுக்கும் வருமான்னு கேளுங்க. வெளிநாடு போற மாணவரையும் ரிசர்வ் வங்கி என்ஆர்ஐயாத்தான் பார்க்குது, அதனால சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவா (என்ஆர்ஐக்கான ரூபாய்க் கணக்கா) மாத்துற பாரத்தையும் அப்பவே கேட்டு வாங்கிருங்க.

தென்காசி வயர்மேன்:

வீட்டு நெட் பத்தி நான் சொல்லுதேன்.

கரண்டு போனா நெட் போறது ஓஎன்டி பெட்டி, அதாவது ஃபைபர் வயர் வந்து சேருற பெட்டி, அணைஞ்சுபோறதால. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா முதல்ல அதைப் பாருங்க. இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் போயிருக்கும், பிளக் பாயின்ட் மெயின்ல இருக்கும். தார்சாவுல இன்வெர்ட்டர் லைன்ல ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. அப்புறமும் கரண்டு போற நொடியில பெட்டி அணைஞ்சு அணைஞ்சு வந்தா இன்வெர்ட்டர் பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளுங்க. நார்மல்ல வச்சா மாறுறதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள பெட்டி ரீஸ்டார்ட் ஆகி ரெண்டு மூணு நிமிஷம் நெட் இருக்காது. ஆனா யுபிஎஸ் பக்கம் வச்சா வோல்டேஜ் 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குப் போயிரும். வோல்டேஜ் அடிக்கடி இறங்குற தெருன்னா பேட்டரி சீக்கிரம் தீரும், அதைப் பார்த்துத்தான் வைக்கணும்.

இன்வெர்ட்டர் இல்லைன்னா ரூட்டருக்கான மினி யுபிஎஸ் வாங்குங்க. வாங்கும்போது ஓஎன்டி அடாப்டரைத் திருப்பிப் பாருங்க, 12 வோல்ட் 1 ஆம்பியர், 1.5 ஆம்பியர்னு போட்டிருக்கும். அதுக்குக் குறையாம கொடுக்கிற யுபிஎஸ் வேணும். பின்னோட அளவும் பார்க்கணும், வெளியே எல்லாம் 5.5 மில்லிமீட்டர்தான், உள்ளே 2.1, 2.5னு ரெண்டு இருக்கு. மாறிப் போனா லூசா நிக்கும், தொட்டா அணையும். பெட்டியில 10,000 எம்ஏஎச்னு எழுதியிருந்தா அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் பேட்டரிக் கணக்கு. 37 வாட் அவர். வீணாப் போறதைக் கழிச்சா 30. ஓஎன்டி 8 வாட் எடுத்தா மூணரை மணி நேரம் வரும், கொஞ்சம் கூடக் குறைய. மாசாந்திரப் பராமரிப்புக்குக் காலையில 9 மணிக்கு நிறுத்தினா மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேல தாங்காது, ராத்திரி போற வருற கரண்டுக்குத் தாராளம்.

அடுக்களைக்கு வராததுக்குக் காரணம் வீட்டு நீளம். கல்லிடை அக்ரஹார வீடு மாதிரி தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டுன்னு ஒரே வரிசையில போற வீட்ல நடுவுல எத்தனை சுண்ணாம்புச் சுவர் இருக்கு பாருங்க. சிக்னல் கூட்டுற பெட்டின்னு எக்ஸ்டெண்டர் விப்பாங்க. அது வாங்குறதும் கொடுக்கிறதும் ஒரே காத்துல, வேகம் பாதியாப் போகும். ஒரு கேட்-6 வயரை பட்டாசல் வழியா பின்னால இழுத்து, பழைய ரூட்டர் ஒண்ணைப் போட்டா போதும். அந்த ரூட்டர்ல ஐபியை 192.168.1.2-ன்னு மாத்தி, டிஎச்சிபியை (ஐபி முகவரி கொடுக்கிற வேலையை) ஆஃப் பண்ணி, வயரை லேன் ஓட்டையில செருகணும். மேலே ஜெர்மனி விடுதிக்கு வான் ஓட்டைன்னு சொன்னாங்க, இங்கே லேன்தான். டிஎச்சிபி ஆஃப் பண்ணிட்டதால இங்கே தொந்தரவு வராது. பெயரும் பாஸ்வேர்டும் முன்னால இருக்கிறதையே வச்சா அம்மா போனைத் தூக்கிட்டு நடந்தாலும் தானா மாறிக்கிடும். கரண்டு வயர் போற பைப்புல இந்த வயரை விடாதீங்க.

ஓஎன்டி பெட்டியில எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா மின்னினா ஃபைபர் அறுந்திருக்கு, இல்லை மடங்கியிருக்கு. பெட்டிக்குப் பின்னால மஞ்சள் வயர் நசுங்கி இருக்கான்னு மட்டும் பாருங்க. வெளியேன்னா அணில் கடிச்சிருக்கும், இல்லை தென்னை மட்டை விழுந்திருக்கும், லைன்மேனைக் கூப்பிடுங்க. வயரைக் கழட்டி முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பார்க்கக் கூடாது.

வள்ளியூர் அக்கா:

ஆச்சிக்கு ரொம்ப எளிசா ஒரு வழி இருக்கு. ஆச்சி பேத்தியோட பழைய நம்பருக்கே அடிக்கட்டும். ஆச்சிக்கு அது உள்ளூர் கால்தான், அவ ப்ளான்லயே போகும். ஜெர்மனியில போன் அடிக்கும். எடுக்காம அடிக்க விட்டுட்டு, பேத்தி ஜெர்மன் சிம்ல இருந்து திருப்பிக் கூப்பிடணும். எடுக்காத வரைக்கும் ரோமிங்ல காசு கிடையாது. கால் ஃபார்வர்டிங்கை எடுத்தாச்சான்னு மட்டும் பார்த்துக்கிடணும்.

திருப்பிக் கூப்பிட ஜெர்மனியில லெபாரா, லைக்கா மாதிரி சிம்கள்ல இந்தியாவுக்கு நிமிஷங்கள் சேர்த்த ப்ளான் கிடைக்கும். ஸ்கைப்ல காசு போட்டு லேண்ட்லைனுக்குப் பேசலாம்னு பழைய குறிப்பைப் பார்த்துச் சொல்லுவாங்க, அது 2025 மே மாசத்தோட மூடியாச்சு. வைபர் அவுட் இருக்கு. ஆச்சி போன்ல அந்த +49 நம்பரைப் பேத்தி பேர்லயே சேமிச்சு வையுங்க. ஜெர்மன் நம்பர் 015-ன்னு ஆரம்பிச்சா முன்னால உள்ள சைபரை விட்டுட்டு +49 15-ன்னு போடணும். பட்டன் போன்ல நட்சத்திரப் பட்டனை வேகமா ரெண்டு தட்டு தட்டினா பல மாடல்ல கூட்டல் குறி வரும். வீட்ல லேண்ட்லைன் இருந்தா அங்கிருந்து அடிக்க 04634-ல முதல் சைபர் போயி +91 4634. சேமிச்ச பேர் வந்தா மட்டும் எடு, வேற வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதன்னு ஆச்சிகிட்ட சொல்லிவைங்க. பேத்தி போலீஸ்ல மாட்டிக்கிட்டான்னு பணம் கேக்குத மோசடி அப்படித்தான் வருது. வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசி வச்சுக்கிடுங்க, ஆச்சிக்கும் பேத்திக்கும் மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒரு பட்டப்பேர். அவசரம்னு யார் பேசினாலும் அதைக் கேட்டுட்டுத்தான் மேலே பேசணும்.

வீடியோவுல ஆச்சிக்குக் காது கேக்கலைன்னா சத்தத்தைக் கூட்டுறதுக்கு முந்தி இடத்தை மாத்துங்க. ஃபேனுக்கு நேர் கீழே உக்காந்தா மைக்குல காத்து சத்தம்தான் போகும், வாட்ஸ்அப் அந்த இரைச்சலை அமுக்கப் போய் ஆச்சி குரலையும் சேர்த்து அமுக்கிரும். ஃபேனை விட்டுத் தள்ளி, சுவரோரம், போனை நெஞ்சுயரத்துல ஏதாவது மேல சாய்ச்சு வைங்க. கையில பிடிச்சா விரல் மைக்கை மூடிரும். நெட் மோசமான அன்னைக்கு வாட்ஸ்அப் செட்டிங்ல 'காலுக்குக் குறைந்த டேட்டா'வை ஆன் பண்ணி, வீடியோவை விட்டுட்டு பேச்சு மட்டும் பேசுங்க.

நேரக் கணக்கு வருஷத்துல ரெண்டு தடவை மாறும். மார்ச் கடைசி ஞாயிறுல இருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூணரை மணி நேரம், மத்த நாள்ல நாலரை. நம்ம ராத்திரி 8 மணி அங்கே கோடையில 4:30, குளிர்காலத்துல 3:30, அப்போ வகுப்புல இருப்பா. அவ போய் ஒரு மாசத்துலயே அக்டோபர் மாத்தம் வந்துரும், ஆச்சி ஒரு மணி நேரமா காத்துக்கிட்டு இருக்கக் கூடாது, முதல்லயே சொல்லிருங்க.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் சொல்லலை. 2023 டிசம்பர் 17, 18 மழையில தாமிரபரணி பெருகினப்போ நம்ம ஜில்லாவுலயும் தூத்துக்குடியிலயும் கரண்டும் டவரும் பல இடத்துல சேர்ந்தே போச்சு. வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகளால வீட்டைப் பிடிக்க முடியலை. வீட்ல ரெண்டு கம்பெனி சிம் இருக்கணும், அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு வேற. பவர் பேங்க் ஐப்பசி பிறந்ததுல இருந்து நிறைஞ்சே இருக்கணும். அந்த மாதிரி நேரத்துல ஒரு கம்பெனி டவர்ல மற்ற கம்பெனி சிம்மும் ஓட அரசு அனுமதிக்கிறது உண்டு, போன்ல நெட்வொர்க்கைக் கையால தேர்ந்தெடுத்துப் பார்க்கணும். பேச முடியாத சிக்னல்லயும் எஸ்எம்எஸ் போகும், 'நல்லா இருக்கோம்'னு ஒரு வரி அனுப்பலாம். தங்கச்சி போன்ல பக்கத்து வீட்டு நம்பர், மேட்டுப்பாங்கான தெருவுல இருக்கிற ஒரு சொந்தக்காரர் நம்பர், வெளியூர்ல இருக்கிற ஒருத்தர் நம்பர் மூணும் இருக்கணும். பேப்பர்லயும் எழுதி பாஸ்போர்ட் உறையில வச்சுவிடுங்க.

பொதிகைச்சாரல்:

விட்டுப்போன ஒண்ணு. அங்கே போன உடனே ப்ளே ஸ்டோர்ல நாட்டை ஜெர்மனின்னு மாத்தச் சொல்லும். மாத்தினா நம்மூர் ஆப் சிலது தேடினாக்கூட வராது, திரும்ப மாத்த ஒரு வருஷம் ஆகும். ஜெர்மன் ஆப்புக்காகத் தனியா ரெண்டாவது கூகுள் கணக்கு ஒண்ணைத் திறந்து அதே போன்ல சேர்த்துக்கிடட்டும், பழைய கணக்கு இந்தியாவுலயே இருக்கட்டும்.

புறப்படுறதுக்கு ஒரு வாரம் முந்தி ஒரு நாள் முழுக்க, நம்மூர் சிம்மோட டேட்டாவை அணைச்சுட்டு வீட்டு வைஃபையில மட்டும் அவ எல்லா வேலையும் செஞ்சு பார்க்கட்டும். பேங்க் ஆப்ல ஒரு ரூபாய் அனுப்பட்டும், கடன் கணக்கைத் திறக்கட்டும், ஆதார் ஓடிபி வாங்கட்டும். எது முரண்டு பிடிக்குதோ அதைக் கிளைக்குப் போய் சரிபண்ண அந்த ஒரு வாரம் கையில இருக்கும்.